கேட்டருகே ஒரு முகம்

அன்புள்ள கினுயே,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். விடுதிப் பிள்ளைகளும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறார்கள்.

ஞாயிறன்று சாப்பாட்டு அறை டிவியில் புல்லட் ரயில் விளம்பரம் வந்தது. அதே பாட்டு. டிசம்பரில் அதைக் கேட்டாலே நம் மகள் சிஹாரு ஊருக்கு வரப் பெட்டி கட்டிவிடுவாளே! மணி அடித்ததும் எழும் மாணவன்போல நானும் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டேன்.

“வாத்தியாரே, யாரை வழியனுப்பக் கிளம்பிட்டீங்க? பாட்டு கேட்டா கால் நிக்காதோ?” என்று சமையல்கார ஒகாவா கிண்டல் செய்தார்.

“சும்மா, காலாற நடக்கத்தான்யா.”

டோக்கியோ ஸ்டேஷனில் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கி, அவள் வழக்கமாக ஏறும் நகோயா வண்டிக்குக் கையசைத்தேன். ஜன்னலோரம் யாரோ ஒரு பெண் பதிலுக்கு அசைத்தாள். நல்ல பிள்ளை.

அந்தப் பாட்டு வந்தால் நீ டிவியை அணைத்துவிடுவதாக உன் தம்பி சொன்னான். அணைத்துக்கொள், தப்பில்லை.

முப்பதாம் தேதி மாலை வருகிறேன். என் கம்பளிக் கையுறையைத் தேடி ஸ்டேஷனுக்குக் கொண்டு வா. சிஹாரு இறந்த பிறகு நீ அந்தப் பக்கமே போவதில்லை, தெரியும். அவளுக்காக நீ நின்ற டிக்கெட் கேட்டருகே, எனக்காகவும் யாராவது நின்றால் தேவலை.

தபால்காரர் வரும் நேரம், முடிக்கிறேன். கையுறை கிடைக்காவிட்டாலும் நீ வா.

உன்
செய்ஜி