கம்பியில் தொங்கிய காலி டப்பா

அன்புள்ள மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன், ஏனென்றால் உடம்பு முடியாதவனைத் திட்டக்கூடாது என்று உன் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அம்மா நலம். நான் நலம் என்று எழுதினால் பொய், இந்த வீட்டில் பொய் ஏற்கெனவே போதுமான அளவு சேர்ந்துவிட்டது. வலது கை முழங்கை வரை மாவுக்கட்டில் இருக்கிறது, சட்டைப் பொத்தானைக் கூட அம்மாதான் போட்டுவிடுகிறாள், இன்னும் ஐந்து வாரம் லிஃப்ட் வேலை எதையும் தொடக்கூடாது. ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனில் நீ இரண்டு வார்த்தை பேசி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், சிரித்துவிட்டு அப்புறம் கோபப்பட எனக்கு வராது. காகிதத்தை உன்னால் சிரிக்க வைக்க முடியாது. அதனால் உட்கார்ந்து கடைசி வரி வரை படி.

நான் வண்டியிலிருந்து விழுந்தது உனக்குத் தெரியும். எப்படி விழுந்தேன் என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும், அதற்குத்தான் இந்தக் கடிதம். அன்றைக்கு ஒரு பல் டாக்டர் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார். வாய் மரத்துப்போக ஊசி போட்ட நோயாளி மேலே நாற்காலியில், ஊசி போட்ட டாக்டர் லிஃப்ட்டுக்குள். பைக்கை எடுத்துக்கொண்டு அடித்துப் பிடித்து ஓடினேன். மேம்பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் இரண்டு முறை விக்கியது, மூன்றாவது விக்கலில் செத்துப்போனது. பின்னால் வந்த வேன்காரன் ஹாரன் அடித்த அடியில் பதறி வண்டியை ஓரத்துக்கு ஒடித்தேன், வண்டி ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். கை ஊன்றியதில் மணிக்கட்டு போனது. கிட்டே போனால் பெட்ரோல் நாற்றம், ஃபில்டருக்குக் கீழே சொட்டுச் சொட்டாக ஈரம். அந்த ஃபில்டரைப் போன மாதம்தான் உன் தங்கை தன் கையால் மாற்றியிருந்தாள்.

அவள் வேலை பார்க்கிற திருகாணி அண்ணன் பைக் பட்டறையின் சட்டம் உனக்குத் தெரியாததா. கீழே கிடக்கும் ஒரு திருகாணியைக் கூட விடாமல் பொறுக்கி வைக்கிற மனுஷன், அதனால்தான் அவருக்கு அந்தப் பெயரே. அவர் பட்டறையில் வெளிச்சாமான் மாட்டக்கூடாது, கம்பெனிச் சாமான்தான். புதிதாக எதை மாட்டினாலும் அதன் காலி டப்பாவில் வண்டி நம்பரையும் தேதியையும் எழுதிச் சுவரோரக் கம்பியில் கோத்துத் தொங்கவிட வேண்டும், ஆறு மாதம் கழித்துத்தான் அது வண்டிக்காரன் கைக்கு வரும். எந்த வண்டி தகராறு செய்தாலும் அவர் முதலில் பார்ப்பது வண்டியை இல்லை, கம்பியைத்தான். அன்றைக்கும் பார்த்தார். என் வண்டி நம்பரோடு கம்பெனி டப்பா தொங்கியது. அப்படியென்றால் சாமான் நல்ல சாமான், குழாய்க் கிளிப்பை இறுக்கியதில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டார். ஃபில்டரைக் குழாயோடு சேர்த்துக் கத்தரித்து ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மாவுக்கட்டோடு அங்கேயே நின்று, மூன்று வாடிக்கையாளர்கள் பார்க்க, "ஒரு கிளிப்பை இறுக்கத் தெரியாதா உனக்கு, அப்பன் உயிருன்னா அவ்வளவு லேசா போச்சா" என்று இந்தப் பிள்ளையைக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திருகாணி அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "நாளையிலேருந்து வர வேண்டாம்மா" என்றார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்த பிள்ளை, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூட வெளியே வராத பிள்ளை, அந்தப் பட்டறையில்தான் ஆளானாள். "அந்தப் பேசாத பொண்ணு இருக்காளா, அவ தொட்டா வண்டி நல்லா ஓடுது" என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. இந்த வரியை எழுத மாட்டேன் என்று பேனாவை மூடினாள், எழுதித்தான் ஆக வேண்டும் என்று எழுத வைத்தேன்.

அன்று மாலை நீ கூப்பிட்டாய். பெட்ரோல் ஒழுகியது, ஃபில்டர் கிட்டேதான் கோளாறு, உன் தங்கை கிளிப்பைச் சரியாக இறுக்கவில்லை என்று நான் சொன்னேன். நீ, "சின்னப் பிள்ளைதானேப்பா, தெரியாம பண்ணிட்டா, பெரிய மனசு பண்ணி விட்டுடுங்க" என்றாய். எவ்வளவு தங்கமான அண்ணன் என்று நினைத்தேனடா. அம்மாவிடம் கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கை அரிக்கும். நான்காம் நாள் அந்தப் பையைத் திறந்து, ஃபில்டரை முழங்காலில் இடுக்கிக்கொண்டு இடது கையால் குழாயை உருவினேன். கிளிப் இரும்புப் பிடியாக இருந்தது, அதைக் கழற்றவே கால் மணி நேரம் ஆனது. உள்ளே குழாய் ஏறுகிற கழுத்தில் முடி மாதிரி ஒரு விரிசல். பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. திருப்பிப் பார்த்தால் கம்பெனி முத்திரை இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருக்கிறது. உன் தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டேன். உள்ளே போய் ஃபோனை எடுத்து வந்து என் முன்னால் வைத்து, நீ அனுப்பியிருந்த குரலை ஓடவிட்டாள். "ரெண்டும் ஒரே சாமான்தான்டி, டப்பாவுக்குத்தான் அந்த விலை. நான் பார்சல்ல மூணு அனுப்பியிருக்கேன். அலமாரியில பழைய டப்பா இருக்கும், தேதியை மட்டும் மாத்தி அதைக் கம்பியில தொங்கவிட்டுடு. அப்பாவுக்கு டப்பாவைத்தான் தெரியும், சாமானைத் தெரியாது." அதற்கப்புறம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு வரைக்கும் கேட்டேன்.

காசை மிச்சம் பிடிக்க நினைத்தது தப்பில்லை. கால்வாசி விலைக்குக் கிடைத்தால் எவனுக்கும் ஆசை வரும், நானும் ஒரு காலத்தில் செருப்பு ரப்பரை வெட்டி வாஷர் போட்டவன்தான். என்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், தோற்றுப்போய் மாட்டியும் இருப்பேன், விழுந்தும் இருப்பேன், ஆனால் யாரையும் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன். வாயில்லாத பிள்ளையைப் பிடித்துப் பொய் டப்பாவைத் தொங்கவிடச் சொன்னாயே, அதுகூடப் போகட்டும். நீ செய்த தப்புக்கு அவளை மன்னிக்கச் சொல்லி என்னிடமே சிபாரிசு செய்தாயே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று அவள் நான்கு நாள் என் ஏச்சைக் கேட்டுக்கொண்டு எனக்கே சோறு பிசைந்து கொடுத்தாள். நான் திட்டியது மூன்று பேர் முன்னால், மன்னிப்புக் கேட்டது அடுப்படியில் யாரும் இல்லாதபோது. அந்த வெட்கம் என்னுடையது, அதில் உனக்குப் பங்கு கேட்கவில்லை. உன் பங்கு வேறு.

மேலே உள்ள வரியோடு நேற்று கடிதம் நின்றுபோனது. பேனாவை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் பின்னாலேயே போனேன். பட்டறையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அத்தனை பேர் நடுவிலும் நுழைந்து, "அண்ணே, கம்பியில தொங்குற டப்பா பொய். மாட்டினது வெளிச்சாமான். தொங்கவிட்டது நான்தான்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். காது வரை சிவந்துவிட்டது. திருகாணி அண்ணன் எழுந்து கம்பியிலிருந்து டப்பாவை உருவினார். "கிளிப்புத் தப்புன்னா கத்துக்கலாம்மா, டப்பாவே தப்புன்னா நான் எதைப் பார்த்து நம்புறது? யார் சொல்லிக் கொடுத்தா?" என்றார். நான் சொல்லப் போனேன். என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அவனே சொல்லட்டும்ப்பா" என்றாள். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாசக் கடைசி வரைக்கும் இவ இடத்துல வேற ஆளைப் போட மாட்டேன். சொன்னவன் எங்கிட்டப் பேசட்டும்" என்று டப்பாவை என் கையில் கொடுத்தார்.

அந்த டப்பாவைத்தான் தட்டையாக மடித்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அவர் ஃபோன் நம்பரை அதன் மேல் உன் தங்கை எழுதவில்லை, நானே இடது கையால் எழுதினேன், கோழி கிளறியது மாதிரி இருந்தாலும் எண் சரிதான். எனக்கு டப்பாவை மட்டும்தான் தெரியும் என்றாயே, கொஞ்ச நாள் அது உன்னிடம் இருக்கட்டும். உனக்கும் தெரியட்டும்.

அம்மா சொல்கிறாள், ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே, இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்காதே, அப்பா திட்டினார் என்று பட்டினி கிடக்காதே. நானும் அதையேதான் சொல்கிறேன், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் திருகாணி அண்ணனிடம் பேசு. மாதக் கடைசி என்பதை மறக்காதே. நீ எந்த ஊரில் இருந்தாலும் நல்லபடி இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, என் கோபம் கூட உன்னைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

நானும் உனக்கு ஏதாவது எழுதுகிறேனா என்று அப்பா கேட்டார். ஒன்றே ஒன்றுதான் அண்ணா. கிளிப்பை நான் சரியாகத்தான் இறுக்கினேன்.