கடைசியாகத் தட்டிய வரி

பாயா ரும்புட்,
7 மார்ச் 1999

அன்புள்ள சிவசாமி அவர்களுக்கு,

நலம்தானே? என் மூட்டுவலி இருந்தபடியே இருக்கிறது. நான்கு வருடமாகத் தீபாவளி வாழ்த்து அட்டைக்கு மேல் நாம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

கம்ப்யூட்டரில் மறுபடியும் லினக்சுக்கே போவதென்று முடிவு செய்திருக்கிறேன். விண்டோஸ் நாளுக்கு இரண்டு முறை நின்றுவிடுகிறது. நோட்டில் கோடு போட்டு இரண்டின் நிறைகுறைகளையும் எழுதிப் பார்த்தேன். பதினொரு நாள் ஆயிற்று. முன்போல நாற்பது பிளாப்பி தேவையில்லை, ஒரே சீடியில் வருகிறது.

உண்மைக் காரணம் வேறு. 1995இல் நாம் பயன்படுத்திய ஹார்ட் டிஸ்க் இன்னும் என்னிடம் இருக்கிறது. விண்டோஸ் அதைப் படிக்காது, லினக்ஸ் படிக்கும். நீங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த தோட்டத்து மக்களின் பிறந்த தேதிப் பட்டியல் கொஞ்சமாவது அதில் மிஞ்சியிருக்கலாம். உங்கள் நோட்டுகளைக் கறையான் தின்றபின் வேறு பிரதி ஏது? நகல் இருந்த பிளாப்பிகளை அழித்து அவற்றில் லினக்சை ஏற்றச் சொன்னவன் நான். பிறகு டிஸ்கில் இருந்ததையும் அழித்தவன் நான்.

போன வாரம் இருசம்மாள் வந்தார். அறுபது வயதாகியும் சிவப்பு அடையாள அட்டைதான், குடியுரிமை இல்லை. விண்ணப்பித்தால் பிறந்த தேதிக்கு ஏதாவது எழுத்துச் சான்று கேட்கிறார்களாம். "அந்தக் கம்ப்யூட்டர்ல என் பேரு இருந்துச்சே, கிராணி" என்றார். தோட்ட ஆபீசில் கணக்கெழுதிய வேலை போயும் அவருக்கு நான் இன்னும் கிராணிதான்.

அன்புடன்,
அருளம்பலம்

மெர்லிமாவ்,
15 மார்ச் 1999

கிராணிக்கு,

நலம். விண்டோசோ லினக்சோ, எதை வேண்டுமானாலும் போடுங்கள். அந்தப் பழைய டிஸ்கை மட்டும் விட்டுவிடுங்கள்லா. துருப்பிடித்திருக்கும். நீங்கள் செய்ததை நான் எப்போதோ மறந்தாச்சு. ஒரு வார்த்தை குறை சொல்லியிருப்பேனா? இருசம்மாளிடம் நானே பேசிக்கொள்கிறேன். டிஸ்கைத் தூக்கிப் போடுங்கள்.

சிவசாமி

பாயா ரும்புட்,
2 ஏப்ரல் 1999

அன்புள்ள சிவசாமி அவர்களுக்கு,

லினக்ஸ் ஏறிவிட்டது. மூன்று முறை தவறி, நான்காவதில் வந்தது. பழைய டிஸ்கும் திறந்தது. பட்டியல் இல்லை.

நாம் தட்டும் ஆணைகளை லினக்ஸ் அவரவர் பெயரில் ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. என் பெயரில் இருந்ததை இரண்டு முறை படித்தேன். அழிக்கும் ஆணை அதில் இல்லை. உங்கள் பெயரில் இருந்த கோப்பின் கடைசி வரி அதுதான். அந்தக் கோப்பு கடைசியாகப் பதிவான நேரம் காலை பதினொன்று பத்து. அப்போது நான் கோப்பி கலக்க அடுப்படிக்குப் போயிருந்தேன்.

நான் தவறாகப் படித்திருக்கலாம். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அருளம்பலம்

மெர்லிமாவ்,
19 ஏப்ரல் 1999

கிராணிக்கு,

நீங்கள் படித்தது சரிதான். இடம் போதவில்லை என்று திரையில் காட்டியது. வேண்டாத பழைய கோப்பு என்று நினைத்து அழித்தேன். நீங்கள் கோப்பியோடு வந்து பார்த்ததும், நான் வாய் திறப்பதற்குள், "ஐயோ, நான்தான் எதையோ செஞ்சு தொலைச்சிட்டேன்" என்றீர்கள்.

தொழிற்சங்கச் செயலாளராக இருந்த இருபது வருடமும், ஆபீஸ் செய்த ஒவ்வொரு தப்பையும் ஒத்துக்கொள்ள வைக்க உங்கள் மேசை முன்னால் நின்று சண்டை போட்டவன் நான். அன்றைக்கு நீங்களாகவே ஒத்துக்கொண்டீர்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. பிறகு உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

சிவசாமி

பாயா ரும்புட்,
22 ஏப்ரல் 1999

சிவசாமி அவர்களுக்கு,

கோபம் இல்லை. களைப்பாக இருக்கிறது. இந்த நான்கு வருடமும் என் கையை நான் நம்பவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மூன்று முறை போய்ப் பார்ப்பேன். நேற்று ஒருமுறைதான் பார்த்தேன்.

இருசம்மாளை உட்கார வைத்து, அவருடைய மூத்த அக்காள் பெத்தம்மாள் சொன்ன தேதிகளைத் தட்டினேன். ஒரே குடும்பம், ஏழு பெயர். அரசாங்கம் ஏற்குமா என்று தெரியாது. நகல் இரண்டு எடுத்தேன். ஒன்று இத்துடன் இருக்கிறது, பத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். மெர்லிமாவ் பக்கம் இருக்கிறவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதித் தபாலில் அனுப்புங்கள். தட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அருளம்பலம்