பொட்டலுக்கு நான் போட்ட கையெழுத்து

அன்பு மக தங்கமாரிக்கு அப்பா சொல்ல, பக்கத்துவீட்டு ஞானப்பூ எழுதுறது. இங்க நானும் ஒங்கம்மாவும் ஆடுகளும் நோவுநொடி இல்லாம இருக்கோம். அங்க ஹூப்ளியில நீ வேளைக்குச் சாப்ட்டு, முழங்கால் வலி இல்லாம ஓடிக்கிட்டு இருக்கணும்னு மாரியாத்தாளக் கும்புட்டுக்கிறோம். போன்ல பேசுனா கோவத்துல பாதி மறந்துபோகுது, அதான் காயிதம்.

கருப்பி ரெண்டு குட்டி போட்டுருக்கு, ரெண்டும் கெடா. ஒண்ணு ஒன்ன மாதிரியே, ஒரு எடத்துல நிக்காது. அது பின்னால ஓடித்தான் இந்த வயித்தெரிச்சலே தெரிஞ்சுச்சு தாயி. செவ்வாக்கெழம காலையில, நீ ஓடிப் பழகுன பொட்டலுக்குள்ள பாஞ்சு, கம்பியில மாட்டிக்கிட்டுக் கத்துது. முந்துன நாளு வரைக்கும் இல்லாத கம்பி. சுத்தி வேலி போட்டு, ஜேசிபிய விட்டு, நீங்க கோகோ ஆட நான் ஊண்டுன ரெண்டு கருவேலங் கம்பத்தையும் புடுங்கி எறிஞ்சிருக்கானுக. கடை கட்டப் போறாகளாம். பிள்ளைக ஆடுற எடத்துல எவனுக்குலே கடை வேணும்னு கேட்டேன். ஊரே எழுதிக் குடுத்துருச்சு பெருசு, ஒதுங்குங்குறான் ஜேசிபிக்காரன்.

விடுவேனா, பஸ்ஸப் பிடிச்சுத் திருச்சுழி யூனியன் ஆபீசுக்குப் போனேன். கிளார்க்கு நம்ம ஊரு தீர்மான நோட்ட விரிச்சுக் காட்டுறாரு. பொட்டல யாரும் பொழங்கல, கடை கட்டிக்கிறலாம்னு எழுதிருக்கு. கீழ மொதக் கையெழுத்து யாரோடதுங்குற? என்னோடது. போன கிராமசபைக் கூட்டத்துல தலைவரு அந்த நோட்டுல ஒரு வெறுந்தாளப் பெரட்டி நீட்டுனாரு, வந்ததுக்கு அடையாளத்துக்குத்தான், மேல பெறகு எழுதிக்கிறலாம்னாரு. நம்ம ஊருல எப்பவும் அப்பிடித்தான? மத்தவுக கைநாட்டு வைக்க மையத் தேடுறாக, நான் முந்திக்கிட்டுப் போயி பேனாவ வாங்குனேன். கையெழுத்துத் தெரிஞ்சவங்குற திமிரு. அத அஞ்சாப்பு படிக்கையில நீதான சொல்லிக்குடுத்த, அதே பொட்டல்ல, புழுதியில குச்சியால எழுதி. செருப்பால அடிச்சாப்ல இருந்துச்சு தாயி. தலைவர நான் வஞ்சதையெல்லாம் ஞானப்பூ எழுத மாட்டேங்குது. சரி, எடமாவது விடு, தங்கமாரி நெரப்பிக்கிறட்டும்னா, இன்னுமா ஒமக்குப் புத்தி வரலங்குது.

யாரும் பொழங்கலையாம். அப்ப நீ எங்க ஓடி ரயில்வே வேலை வாங்குன, ஆகாசத்துலயா? ஒனக்குப் பின்னால அங்க ஓடிப் பழகுன எட்டுப் பொம்பளப்பிள்ளைக இப்ப லாரிக்கு நடுவுல தார்ரோட்டுல ஓடுதுக. ஒண்ணு அடிபட்டா அந்தப் பழியும் என் கையெழுத்துக்குத்தான். வாற மாசம் மொதத் திங்கக்கெழம விருதுநகருக்குப் போயி கலெக்டருட்ட மனுக் குடுக்கப் போறேன். ஏமாந்து போட்டேன்னு என் வாயாலயே சொல்லுவேன், ஊரு சிரிச்சாச் சிரிக்கட்டும். அந்தப் பொட்டல்ல ஓடித்தான் வேலைக்கு வந்தேன்னு நீயும் ஒரு காயிதம் எழுதி, மெடலு போட்டாவோட அதுக்குள்ள அனுப்பிரு, மறந்துறாத. எழுதி முடிச்சுட்டுக் கையெழுத்துப் போடு.

ஆத்தா ஒன் காலுக்குத் தொணையிருப்பா. நல்லாயிரு தாயி.

ஞானப்பூவ ரெண்டு தடவ முழுசா வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மேல ஒரு வெரல் எடங்கூட இல்லாமப் பாத்துட்டு, கையெழுத்துப் போடுறது ஒங்கப்பன்,
நல்லமுத்து