டானிட்சாவின் சப்பாத்து

22 நவம்பர் 1995, புதன்

டானிட்சா இன்றும் சப்பாத்தைக் கழற்ற மறுத்தாள். இளவயதில் யூகோஸ்லாவியக் காடுகளில் ஜெர்மன்காரரை எதிர்த்துச் சண்டையிட்டவள். அங்கே சப்பாத்தோடுதான் படுப்பார்களாம். இப்போது கனடாவில், ஸ்காபரோவில், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக் கட்டிலிலும் அப்படியே படுக்கிறாள். நீரிழிவுக்காரி, குதிக்காலில் புண். காற்றுப் படாவிட்டால் பாதத்தை வெட்டவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதட்டியும் கெஞ்சியும் எனக்கு அலுத்துவிட்டது.

கூட வேலை செய்யும் செல்வி ஒரு வழி சொன்னாள். "அக்கா, அவவின்ர நாட்டுப் பக்கம், பொஸ்னியாவில சண்டை முடிஞ்சுதாம், ரீவியில சொல்லுறாங்கள். அதை மனிசிக்குச் சொல்லுங்கோ, கழட்டிப்போடுவா."

"அவ சண்டை பிடிச்சது ஐம்பது வருசத்துக்கு முந்தி, செல்வி."

"மனிசிக்கு எல்லாம் ஒண்டுதான்."

போய்ச் சொன்னேன். போன மாதக் கடைசியில் சண்டைக்குப் பயந்து சனத்தோடு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த என் அக்கா எங்கே என்று தெரியாத நேரத்தில், போர் முடிந்தது என்று சொல்ல வாய் கூசியது.

டானிட்சா என்னை ஏளனமாகப் பார்த்தாள். "நாற்பத்தைந்திலும் முடிந்தது என்றார்கள். நம்பிக் கழற்றிவிட்டுத் தூங்கினேன். காலையில் சப்பாத்தைக் காணவில்லை. எங்கள் ஆள் ஒருவனே போட்டுக்கொண்டு போய்விட்டான். வெற்றி ஊர்வலத்தில் நான் வெறுங்காலோடு நடந்தேன்."

ஆக, இத்தனை நாளும் அவள் பயந்தது எதிரிக்கு அல்ல, சப்பாத்தைத் திருடிவிடுவோம் என்று எங்களுக்கு. அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறேன் என்றேன். பூட்டை நம்பமாட்டாளாம். நான் வீட்டுக்குக் கொண்டுபோய், காலையில் என் கையாலேயே திருப்பித் தருவதென்றால் மட்டும் சரியாம். ஒப்புக்கொண்டேன். புண்ணைக் கழுவிக் கட்டினேன்.

இப்போது சப்பாத்துகள் என் கட்டிலடியில் நாறுகின்றன. நாளை எனக்கு லீவு. விடிய எழுந்து, இரண்டு பஸ் மாறி, ஒரு சோடிச் சப்பாத்தைக் கொண்டுபோக வேண்டும்.