அண்ணன் செய்த வெள்ளிக் கொக்கிகள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டு, அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கல்யாணமான புதிதில் உனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் ஆரம்பித்திருக்கின்றன. அதனால் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காக எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. குமணன்சாவடி முனையில் உனக்கு நினைவஞ்சலி போஸ்டர் ஒட்ட வேண்டும் என்று அண்ணிக்கு ஆசை. நீ கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கிற படத்தை பிரஸ்ஸில் கொடுத்தாகிவிட்டது. படத்துக்குக் கீழே போட நாலு வரி நான் எழுதித் தர வேண்டுமாம். கைசுத்தமான மனுஷன் என்று ஒரு வார்த்தை கட்டாயம் வரவேண்டும் என்றாள். அதை எழுதத்தான் என் கை ஓடவில்லை. அந்த நாலு வரிக்குப் பதில் இதை எழுதுகிறேன். போஸ்டரில் இடம் போதாது. எங்கே அச்சாகிறதோ அங்கே படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

முதலில் ஊர்ச் சேதி. காட்டுப்பாக்கத்தில் நம் கடைக்கு எதிரே மாடு மேய்ந்துகொண்டிருந்த நிலத்தைப் பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள். காலையிலிருந்து செங்கல் லாரி சத்தம்தான். நம் தெருவுக்கு டெலிபோன் வந்துவிட்டது. என் மகள், உன் மருமகள் கோமதிக்கு அம்பத்தூரில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வேலை. தை மாதம் கல்யாணம். இதைச் சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தேன் தெரியுமா? இப்போது சொல்லும்போதே கசக்கிறது.

நம் தொழில் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. நான் எஸ்டேட்டில் ஒரு தோல் கம்பெனியில் கைப்பை தைத்துக்கொண்டிருந்தேன். நீ கடை கடையாகப் போய் வெள்ளி வேலை வாங்கிச் செய்துகொண்டிருந்தாய். எண்பதுகளின் நடுவில் கம்பெனியை மூடினார்கள். உன் வீட்டு முன்னறையில் நானும் நீயும் ஆளுக்கொரு பலகை போட்டு உட்கார்ந்தோம். பெரியமேட்டில் மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் வாங்கி வந்து, வெட்டி, ஓரம் சீவி, மெழுகு பூசிய நூலால் இரண்டு ஊசி வைத்துக் கையாலேயே தைப்பேன். பையின் வாய்க்கு நீ வெள்ளியில் கொக்கி செய்து தருவாய். மாங்காய், கொடி, சங்கு என்று ஒரு கொக்கி மாதிரி இன்னொன்று இருக்காது. அதற்கு வேண்டிய வெள்ளியை வாங்குகிறவர்களே கொண்டுவருவார்கள். அறுந்த கொலுசு, நசுங்கிய குங்குமச் சிமிழ், உடைந்த அரைஞாண் கொடி. சும்மா பெட்டியில் கிடக்கிறதைத் தினமும் கையில் பிடிக்கிற மாதிரி ஆக்கித் தருகிறார்கள் என்று ஆவடி வரைக்கும் நம் பேர் பரவிற்று.

பை விற்றதோடு நாம் விட்டதில்லை. ஐப்பசி மழை முடிந்ததும் எல்லோரும் பையைத் திரும்பக் கொண்டுவரவேண்டும் என்பது நம் கடை வழக்கம். தோலில் பூஞ்சை பிடித்திருந்தால் துடைத்து, நிழலில் ஆற வைத்து, மெழுகு தடவி, விட்ட தையலைப் போடுவது என் வேலை. தேங்காயெண்ணெய் தடவிக் கொண்டுவருகிற அம்மாக்களை நான் திட்டாத வருஷம் கிடையாது. கொக்கி உன் வேலை. என்னைத் தொடவே விடமாட்டாய். பையோடு பின்கட்டுக்குப் போய் நீயே தையலைப் பிரித்துக் கொக்கியைக் கழற்றுவாய். தோலைத் துடைத்து நீயே திரும்பத் தைத்து, மறுநாள் புதுசு போலப் பளபளவென்று கொண்டுவந்து தருவாய். வெள்ளி வேலை எனக்குத் தெரியாது என்றுதான் தொடவிடவில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் நீ இல்லை. மழை விட்டதும் பைகள் வந்தன. திருவேற்காட்டு டீச்சரம்மா முதலில் வந்தார். அவருடைய அம்மா போட்டிருந்த கொலுசை உருக்கிச் செய்த கொக்கி அது. அந்தப் பை இல்லாமல் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனதே இல்லை. வெள்ளிப் பாத்திரத்தை வீட்டில் விபூதி தொட்டுத் தேய்ப்போமே, அதே மாதிரி மெத்தென்ற துணியில் விபூதி எடுத்துக் கொக்கியைத் தேய்த்தேன். வெள்ளை போய் மஞ்சள் தெரிந்தது. என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். தையலைப் பிரித்துப் பார்த்தேன். கொக்கிக்குப் பின்னால் தோல் முழுக்கப் பச்சைக் களிம்பு.

எனக்கு வெள்ளி தெரியாதுதான், ஆனால் தோல் தெரியும். தோலோடு ஒட்டிக் கிடக்கிற வெள்ளி கறுக்கும், பச்சை பிடிக்காது. பச்சை பிடித்தால் அது பித்தளை. கம்பெனியில் எத்தனை பெல்ட் பக்கிளைப் பார்த்திருக்கிறேன். அப்படியும் மனசு ஒப்பாமல் கொக்கியை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்கு ஓடினேன். உன்னோடு டீ குடிக்க வருவாரே வெள்ளிப் பட்டறைக் கரீம் பாய், அவர் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"பித்தளைம்மா. மேல முலாம் பூசிகீது. வர்சா வர்சம் பூசிகினே வந்துகீறாங்க."

வருஷா வருஷம். அப்படியானால் பின்கட்டில் நீ செய்துகொண்டிருந்தது அதுதானா? நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து, நம்ம பை பேரன் காலத்துக்கும் உழைக்கும் என்று வந்தவர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கம் நீ பித்தளைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாயா?

வந்த பைகளை எல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டேன். பையின் உள்மடிப்பில் நான் வருஷத்தைக் குத்தி வைப்பேன் இல்லையா, அதை வைத்து வருஷவாரியாக அடுக்கினேன். எல்லாம் பித்தளை இல்லை. தொண்ணூற்றிரண்டில் செய்தவை மட்டும்தான் பித்தளை. அதற்கு முன்னால் செய்ததும் சுத்தம், பின்னால் செய்ததும் சுத்தம். அந்த ஒரு வருஷம் உனக்கு என்ன வந்தது? இதைக் கேட்டுக்கொண்டு அண்ணியிடம் போனேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"செத்துப் போனவர இன்னாத்துக்கு நோண்டிகினு கீற சரசு? எனக்குத் தெரியும். அது கோமதி சடங்கு வர்சம். ஒங்க மாமியார் ஊட்டுக்கு முன்னால தாய்மாமன் வெறுங்கையோட போய் நிக்கிறதான்னு அழுதாரு. பைக்கு வந்த வெள்ளிலதான் சீர் மொத்தமும் அடிச்சாரு. அடுத்த வர்சம் மாத்திக் குடுத்துடறேன்னாரு. முடியல."

அந்தச் சடங்கை மறக்க முடியுமா? மெயின் ரோட்டிலிருந்தே மேளத்தோடு வந்தாய். தட்டு, சொம்பு, பன்னீர்ச் செம்பு, கொலுசு, எல்லாம் வெள்ளி, எல்லாம் உன் கைவேலை. வாய் ஓயாத என் மாமியாரே அன்றைக்கு வாசலுக்கு வந்து உன்னை உள்ளே கூப்பிட்டாள். பிறந்த வீடு ஒன்றும் இல்லாதது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கொலுசை எடுத்து எடைபோட்டுப் பார்த்தார்கள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் அண்ணன் இருக்கிறான் என்று அழுதேன். அந்த அழுகையை இப்போது நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

என்னைக் கேட்டிருக்கலாமே அண்ணா. கேட்காமல் என் பேரில், என் தையலுக்கு நடுவில் வைத்து ஊரை ஏமாற்றினாயே. கொக்கி உன்னுடையது என்றாலும் பையைக் கையில் கொடுத்தது நான். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தது நான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வெள்ளிக் கடைகள் இருக்கிற சவுகார்பேட்டையிலிருந்து திரும்பும் பஸ்ஸில்தான் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். அன்றைக்கு உன் பையில் ஒன்றும் இல்லை. மாற்றிக் கொடுக்க வெள்ளி வாங்கப் போய் முடியாமல் திரும்பினாயா, இல்லை முலாம் சாமான் தீர்ந்து, அதை வாங்கப் போய்க் கிடைக்காமல் திரும்பினாயா? அண்ணிக்கும் தெரியவில்லை. முதலாவதுதான் என்று நம்ப எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் உன்னை நம்பி நம்பித்தானே இங்கே வந்து நிற்கிறேன்.

வெளியே சொல்லாதே என்று அண்ணி காலில் விழாத குறை. புதுக் கொக்கி போட்டு, பழசு தேய்ந்துவிட்டது என்று சொல்லிக் கொடுத்துவிடு, செத்தவர் பேர் நிற்கட்டும் என்கிறாள். அவள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. நீ விட்டுப்போனது அவளுக்கு அந்தப் பேர் ஒன்றுதான். ஆனால் அந்தப் பொய்யை நான் சொன்னால், நீ செய்ததை நானும் செய்த மாதிரி ஆகாதா?

கல்யாணத்துக்குக் கொடுத்தனுப்ப வைத்திருந்த உன் சீரை பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். தட்டைப் பார்த்தால் யாரோ ஒருத்தருடைய சிமிழ், சொம்பைப் பார்த்தால் யார் வீட்டுக் குழந்தையின் அரைஞாணோ. கோமதி வந்து என்னவென்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது இந்தச் சீரைக் காட்டித்தான் பேசினோம் என்பதும் அவளுக்குத் தெரியும். அழுவாள், உன் மேல் பழி போடுகிறேன் என்று என்னோடு சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து, சடங்கு அன்றைக்குப் போட்டதிலிருந்து காலைவிட்டு இறங்காத கொலுசைக் கழற்றி மற்றதோடு வைத்தாள்.

"நடக்கும்போது மாமா ஞாபகம் வரும்னுதாம்மா கழட்டாம இருந்தேன். இனிமே டீச்சர் ஞாபகம்தான் வரும். எடுத்துகினு போய்க் குடுத்துடு."

மறுநாள் திருவேற்காட்டுக்குப் போனேன். டீச்சரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். உன் பேரைச் சொல்லித்தான் சொன்னேன். உங்கள் வெள்ளி வேறு உருவத்தில் என் வீட்டில்தான் இருக்கிறது, உருக்கிக் கொக்கியாகவே திருப்பித் தருகிறேன் என்று பையிலிருந்து சாமான்களை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கொலுசை எடுத்தார், வைத்தார். தட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எங்கம்மாவோடது எது சரசு?" என்று கேட்டார்.

நீயே சொல், எது? எல்லோருடையதையும் ஒரே மண்கிண்ணத்தில் போட்டு உருக்கினாயே. தெரியாது டீச்சர் என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்று உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்தில் நின்ற பூக்காரம்மா நகர்ந்து போய்விட்டாள்.

கரீம் பாயிடம் சாமான்களைக் கொடுத்தாகிவிட்டது. உருக்கி, கொக்கி அடித்துத் தருகிறார். உன் மாங்காயும் கொடியும் அவருக்கு வராது, வெறும் சட்டமாகத்தான் வரும். தை பிறப்பதற்குள் அந்த வருஷத்துப் பைகள் ஒவ்வொன்றிலும் என் கையால் தைத்து, அவரவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். அண்ணி பேசாமல் போனாலும் போகட்டும்.

இன்னொரு வாக்கும் தருகிறேன். கோமதி கல்யாணத்தில் தாய்மாமன் உட்காரும் இடத்தில் உன் படத்தை வைப்பேன். வேறு யாரையும் அங்கே உட்கார விடமாட்டேன். முன்னால் ஒரு தாம்பாளம் இருக்கும், அதில் ஒன்றுமே இருக்காது. என் மாமியார் கேட்பாள், மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். என் அண்ணன் வெறுங்கையோடு வந்திருக்கிறான் என்று சொல்வேன். அன்றைக்கும் நீ அப்படியே வந்திருக்கலாம். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நான் அப்போதும் அழுதிருப்பேன்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவள்,
சரசு