செவிப்பறையைத் தாண்டாத எண்ணெய்

என் தங்கமான அண்ணி,

நீங்கள் போய் அடுத்த மாதம் ஒரு வருஷம். உங்களுக்கு ஒரு சேதி இருக்கிறது. சொல்ல வாயெடுத்தால் எனக்கே என்னைப் பார்த்துக் குமட்டுகிறது.

போன வாரம் நம் கயலைச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கல்யாணப் பேச்சு வருவதற்கு முன்னால் தனக்கு ஏன் காது கேட்கவில்லை என்று தெரியணுமாம் அவளுக்கு. முன்பே சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். அதற்கு ரிப்போர்ட் வந்திருந்தது.

"உள்காதுல, நுனியில மெல்லிசா மயிர் மாதிரி நிக்கிற செல்லுங்க இருக்கும்மா," என்றார் டாக்டரம்மா. "அந்த மயிர விறைப்பா இழுத்துப் புடிக்க மோட்டார் புரதம்னு ஒண்ணு வேலை பாக்கும். இவுங்களுக்கு அது பொறப்புலயே சரியில்ல. அம்மாகிட்டேர்ந்து பாதி, அப்பாகிட்டேர்ந்து பாதி வந்த கோளாறு. அவுங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் மகள்தானே நீங்கள். ஆமாம் என்றேன். பிறகு, குழந்தையில் அவள் காதில் ஊற்றிய எண்ணெயைப் பற்றிக் கேட்டேன்.

"எண்ணெய் செவிப்பறையோட நின்னுடும். அதுக்கு முன்னாடியே இவுங்களுக்குக் கேட்டிருக்காதும்மா."

அப்போது முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா அண்ணி? 'அப்பாடா, நான் காரணமில்லை.' உங்கள் முகம் அதற்குப் பிறகுதான் வந்தது. தூ, நானெல்லாம் ஒரு பொம்பளை!

திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் அன்று சாயங்காலம் கைக்குழந்தை கயல் சளியோடு வீறிட்டு அழுதாள். பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சியது நான். பாலாடையில் ஊற்றி உங்கள் கையில் கொடுத்ததும் நான். "சூடு ஜாஸ்தியா இருக்கே, பாப்பா?" என்று என்னைக் கேட்டீர்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஊத்துங்க அண்ணி," என்றேன்.

சில மாதம் கழித்துப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. அம்மா உங்களைக் கரித்துக் கொட்டினாள். "காயக் காய ஊத்திக் காதப் பொசுக்கிட்டாளே, பாவி!" நீங்கள் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஏன் அண்ணி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை? எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் என்றா?

அதற்குப் பிறகு எண்ணெய்க் கிண்ணத்தோடு நீங்கள் அவள் பக்கத்தில் போனதே இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் நான்தான் வந்து அவளுக்குத் தலை தேய்த்துவிட்டேன். "அத்தைன்னா இப்புடி இருக்கணும்," என்று தெருவே மெச்சியது. அதையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கயல் போனில் தட்டிக் காட்டினாள்: 'அப்போ அம்மா மேல தப்பே இல்லையா அத்தை? சாகறவரைக்கும் என் காதத் தொட்டுத் தொட்டு மன்னிப்புக் கேட்டாங்களே.'

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் அண்ணன் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அம்மாவோ, "என் பொறந்த வீட்டு ரத்தத்துல குறையாமா? ஊத்துனவ அவதான்!" என்றாள். கயல் எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். எனக்கெல்லாம் என்ன ஜென்மமோ!

உங்கள் தெவசத்தன்று எல்லாரும் வருவார்கள். இலை போடுவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். ஆனால் முதலில் கயலிடம்தான். அவள் உதட்டைப் பார்த்துப் படிக்கிறவள். தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தால் அவளுக்குப் புரியாது. நேராக அவள் முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வேன் அண்ணி. இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்,
அன்று எண்ணெய் காய்ச்சியவள்