அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய சாப்பாடு

அன்பு மகள் சுண்டெலிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அண்ணனும் அண்ணியும் சுகம். அப்பா எழுந்து நடமாடிக்கொண்டு, அக்கம்பக்கத்து மிக்சிகளை வாங்கிப் பிரித்துப் போட்டுக்கொண்டு, தன் வரைக்கும் சுகமாகவே இருக்கிறார். நீ சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் நான் கேட்கப் போவதில்லை, நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. உன்னோடு அறையில் இருக்கும் கண்ணாடிக்காரப் பெண் எனக்குப் போன் செய்தாள். அவளை நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன். ஆபீசில் வரைபட மேஜை முன்னாலேயே நீ மயங்கிச் சரிந்ததையும், யாரோ சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பியதையும், வீட்டுக்கு இதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று அவளிடம் நீ சத்தியம் வாங்கியதையும் அவள்தான் சொன்னாள். "அவ கடைப்பக்கம் வர்றதையே விட்டுட்டாம்மா, ரொட்டியும் தண்ணியும்தான் சாப்பாடு, கேட்டா அப்பாவுக்கு என்னைக்குத் தொண்டையில இறங்குதோ அன்னைக்குத்தான் எனக்கும் இறங்கும்ங்கறா" என்று அவள் சொன்னபோது எனக்குப் பயம் வந்தது. கோபமும் வந்தது. பெற்றவளுக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும்.

இதைப் போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ அழுவாய், நீ அழுதால் நான் திட்டுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதோடு இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழுந்துவிடும். தொண்டைதான் போயிற்றே தவிர அவருக்குப் பாம்புக் காது. அவர் தண்ணீர்த் தொட்டி மோட்டாரைப் பார்க்க மாடிக்குப் போயிருக்கும் நேரத்தில் அண்ணியின் தையல் மிஷின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மூளையில் அந்தச் சின்ன அடைப்பு வந்து, கை கால் எல்லாம் தப்பி, விழுங்குவது மட்டும் நின்றுபோய், வயிற்றில் குழாய் வைத்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்களே, அன்றிலிருந்து நாங்கள் அடித்த கூத்தையும் உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் குடும்பத்தில் நீ மட்டும் பைத்தியக்காரி இல்லை. அவர் எதிரில் சாப்பிட எங்களுக்கு மனசு வரவில்லை. உன் அண்ணன் வேலை முடிந்து வழியிலேயே எதையாவது தின்றுவிட்டுப் பசிக்கவில்லை என்று வந்து நின்றான். அண்ணி தாளிப்பதையே விட்டுவிட்டாள், வாசனை வந்தால் அவருக்கு வலிக்குமாம். நான் கழுவுகிற பாத்திரத்தோடு நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வேன். ஒத்தாசைக்கு வந்த உன் அத்தை ஒருபடி மேலே போய் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள், ஒரு நாள் மிளகாய் தொண்டையில் மாட்டி அவள் இருமிய இருமலில் குட்டு வெளிப்பட்டுவிட்டது. அப்பா கதவைத் திறந்து பார்த்தார். தங்கை வாயில் சோற்றோடும் கண்ணில் தண்ணீரோடும் திருடி மாதிரி நிற்கிறாள். அன்றைக்குத்தான் அவருக்கு வந்ததே கோபம். அந்தக் கரகரத்த குரலில், "நான் ஆயுசு பூரா லிஃப்ட் ரிப்பேர் பண்ணவன். ஒரு லிஃப்ட் நின்னு போச்சுன்னா கட்டடத்துல இருக்கறவங்க எல்லாம் கதவைச் சாத்திக்கிட்டா உக்காந்திருக்காங்க? படியேறிப் போறாங்கல்ல?" என்று கேட்டுவிட்டு, அண்ணியைக் கூப்பிட்டு, முதலில் வெங்காயத்தை வதக்கு, இது வீடு மாதிரி மணக்கட்டும் என்றார். அன்றிலிருந்து எல்லாரும் மேஜையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். அவரும் எங்களோடு உட்கார்ந்து அந்த மாவுக் கரைசலைக் குழாயில் ஊற்றச் சொல்கிறார், நடுவில் எந்த மாடியிலும் நிற்காமல் நேரே கீழே போகிற லிஃப்ட் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்.

எங்களை ஒருவழியாகத் திருத்திவிட்டார், கடல் தாண்டி இருக்கிற நீதான் அவர் கண்ணில் படவில்லை. முன்பெல்லாம் ஞாயிறு மத்தியானம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். போனை மேஜை நடுவில் வைத்துவிட்டு, உன் குரல் வந்த பிறகுதான் சோற்றில் கை வைப்பார். நீ லக்சா என்று ஒரு நூடுல்ஸ் குழம்பு சாப்பிட்டேன் என்பாய், புளிப்பு தூக்கலாக இருந்தது என்பாய், உடனே அவர் புளியா எலுமிச்சையா என்று கேட்பார். தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றை இலையில் மடித்து, ஓரத்தில் பொரித்த நெத்திலி வைத்துத் தருகிறார்கள் என்றால், அந்த நெத்திலி கடைசி வாய் வரைக்கும் மொறுமொறுப்பாக இருந்ததா, சோற்றுச் சூட்டில் நமுத்துவிட்டதா என்று துருவுவார். சாத்தே என்று குச்சியில் குத்திச் சுட்ட கறியை வேர்க்கடலைக் குழம்பில் முக்கி எடுப்பதை நீ சொன்னபோது தன் கையிலேயே ஒரு குச்சி இருப்பதுபோலத் திருப்பினார். தேங்காய்ப்பாலில் பச்சைப் புழு மாதிரி நெளிகிறதே, ஐஸைச் சீவிப் போட்டு வெல்லப்பாகு ஊற்றித் தருகிறார்களே, அதை நீ விவரித்த அன்று அண்ணி முகத்தைச் சுளித்தாள், அவர் இன்னொரு கை சோறு போட்டுக்கொண்டார். உன் பேச்சைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்ட மனிதர் அவர். எனக்கு இதெல்லாம் பிடிபட்டதே இல்லை, பசிக்குச் சோறு, அதற்கு மேல் என்ன ஆராய்ச்சி என்று இருந்துவிட்டேன். உங்கம்மாவுக்கு நாக்கு பேசுவதற்கு மட்டும்தான் என்று அவர் உன்னிடம் கேலி செய்வது என் காதிலும் விழுந்ததுதான். இப்போது நீ போனில் என்ன சொல்கிறாய்? சாப்பிட்டியா என்றால் ம், சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டே என்றால் ஏதோ சாப்பிட்டேன். உடனே மருந்து, பிரஷர், தூக்கம் என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். அவர் ஒன்றும் தெரியாதவர் இல்லை. ஒரு ஞாயிறு நீ போனை வைத்த பிறகு, "என் வாயைத்தான் அடைச்சாங்க, அவ வாயை யாரு அடைச்சா?" என்று என்னைக் கேட்டார்.

இப்போது நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். உட்கார்ந்து படி. ஆஸ்பத்திரியில் விழுங்கிப் பார்க்கும் சோதனை என்ன ஆயிற்று என்று நீ கேட்டபோதெல்லாம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள் என்று சொல்லிவந்தேன். அது பொய். அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். விழுங்கப் பயிற்சி தருகிற பெண் முன்கூட்டியே என்னிடம், தண்ணீராக ஓடாமல், குறுணை இல்லாமல், வழவழவென்று இருக்கிற எதையாவது வீட்டிலிருந்து செய்து கொண்டுவாருங்கள், அவருக்குப் பிடித்ததாக இருக்கட்டும் என்றாள். அப்பாவைக் கேட்டேன். ஊரிலுள்ள எல்லாக் கட்டடத்துக் கேன்டீனிலும் சாப்பிட்டவர், எதைக் கேட்பாரோ என்று பார்த்தால், வாயிலேயே வைத்துப் பார்க்காத ஒன்றைக் கேட்டார். நீ உன் அறையில் சோறு வடிக்கிற அந்தக் குட்டிக் குக்கரில் தேங்காய்ப்பாலும் முட்டையும் பனைவெல்லமும் கலந்து ஆவியில் வேக வைத்ததாகச் சொன்னாயே, அதுதான். உன் ஊருக்கு வந்து இறங்கியதும் முதலில் அதைத்தான் சாப்பிடப் போகிறேன் என்று பாஸ்போர்ட் எடுத்த அன்றே சொல்லிக்கொண்டிருந்தார், அதற்குள் இந்த அடைப்பு முந்திக்கொண்டது. உன் அண்ணியை உன்னிடம் செய்முறை கேட்கச் சொன்னது அதற்குத்தான், நீ அவளுக்காக என்று நினைத்துக்கொண்டு எழுதி அனுப்பினாய். முதல் தடவை தீ அதிகமாகி, உள்ளே பொத்தல் பொத்தலாகக் குளவிக்கூடு மாதிரி வந்தது. இரண்டாவது தடவை பாகு ஆறுவதற்குள் அவசரப்பட்டு முட்டையை ஊற்றினேன், அது திரிந்துபோயிற்று. பிறகு பாகைப் பச்சைத்தண்ணீராக ஆறவிட்டு, கலவையைத் துணியில் வடிகட்டி, மேலே ஆவித்தண்ணீர் சொட்டாமல் கிண்ணத்தை மூடி, தீயைக் குறைத்து வைத்தேன். வாசனைக்கு நீ போடச் சொன்ன பாண்டான் இலை இங்கே கிடைக்கவில்லை, அது இல்லாமலே செய்தேன். கரண்டியை வைத்தால் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. அவ்வளவு பக்குவமாக நான் எதையும் செய்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் அதில் ஒரு கரண்டி எடுத்து ஏதோ வெள்ளை மருந்தைக் கலந்தாள், எக்ஸ்ரே படத்தில் அது போகிற வழி தெரிவதற்காம். அப்பாவை மெஷின் முன்னால் உட்கார வைத்து அரைக் கரண்டி ஊட்டினாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். கறுப்பாக ஒரு சின்ன உருண்டை நாக்கு முடிகிற இடத்தில் தயங்கி நின்றது, பிறகு போகக் கூடாத வழியில் மெல்ல வழிந்தது. அவர் இருமவே இல்லை. நல்லபடியாகப் போய்விட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். இருமல் வராததுதான் பயம், நுரையீரலுக்குப் போவதே அவர் உடம்புக்குத் தெரியவில்லை என்று பிறகுதான் விளக்கினார்கள். பெரிய டாக்டர் நிதானமான மனுஷி, சுற்றி வளைக்கவில்லை. "இனிமே வாய் வழியா வேண்டாம்மா. இத்தனை நாள் பயிற்சிக்கும் திரும்பாதது திரும்பும்னு நம்பிக்கை கொடுக்க என்னால முடியாது" என்றார். அப்பா அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்து, மருந்துச் சீட்டுக்காக நாங்கள் காத்திருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். மருந்து கலந்ததால் சுண்ணாம்பை நக்கினதுபோல இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது, டாக்டர் சொன்னதற்குக்கூட வரவில்லை. அவர் என் மடியிலிருந்த கிண்ணத்தைக் காட்டி, மிச்சத்தை நீ சாப்பிடு என்றார். மாட்டேன் என்றேன். சாப்பிட்டுச் சொல்லு என்றார். ஒரு வாய் வைத்துக்கொண்டு இனிப்பாக இருக்கிறது என்றேன். "இனிப்புன்னு கிண்ணத்தைப் பாத்தாலே தெரியுது, அப்புறம்?" என்றார். இன்னொரு வாய் வைத்துக்கொண்டு கண்ணை மூடி யோசித்தேன். முதலில் வெல்லம் வருகிறது, லேசாகக் கருகின வாசனையோடு வருகிறது என்றேன். தேங்காய் அதற்குப் பின்னால் வருகிறது, முட்டை இருக்கிற இடமே தெரியவில்லை, விழுங்கின பிறகும் மேலண்ணத்தில் ஒரு எண்ணெய்ப் பசை கொஞ்ச நேரம் நிற்கிறது என்றேன். எனக்கே என் வாயிலிருந்து இதெல்லாம் வருவது ஆச்சரியமாக இருந்தது. அவர் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன், கிண்ணம் காலியாகும் வரைக்கும் என்னை விடவில்லை. கடைசியில் தானே சாப்பிட்டதுபோல வாயைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல, சுண்டெலி சொன்னா இன்னும் நல்லாருக்கும்" என்றார்.

ஆகையால் கண்ணு, உன் சபதத்துக்கு இனிமேல் முடிவு நாள் கிடையாது. அப்பாவுக்கு இறங்குகிற அன்று சாப்பிடுவதாக இருந்தாய், அந்த நாள் வராது. அழுதுகொள், நானும் அழுதேன், ஆனால் வெறும் வயிற்றில் அழாதே. நீ பட்டினி கிடப்பது அவருக்குத் தெரியாது, உனக்குப் பேசப் பிடிக்கவில்லை என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். தெரிய வேண்டாம். தெரிந்தால் வயிற்றிலிருக்கிற குழாயையும் பிடுங்கிப் போட்டுவிடுவார், அவர் பிடிவாதம்தான் உனக்கும் வந்திருக்கிறது. சாப்பிடாமலே சாப்பிட்டதாகக் கதை கட்டலாம் என்றும் நினைக்காதே, சாப்பிட்ட வாய்க்கு மட்டும் பதில் தெரிகிற கேள்வியைத்தான் அவர் கேட்பார், மாட்டிக்கொள்வாய். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அந்தக் கண்ணாடிக்காரப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போ. லக்சா போடுகிற தொப்பிக்காரர் அவளிடம் உன் தோழி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். காய்ந்த வயிறு, முதல் நாளே உறைப்பாகச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, குழம்பாக, இளஞ்சூடாக, கொஞ்சமாகத் தொடங்கு. ரத்தம் ஒரு தடவை பரிசோதித்துவிடு, தள்ளிப் போடாதே. அடுத்த மாதம் அண்ணிக்கு ஏழாவது மாதம் பிறக்கிறது, நீ போன் செய்து நாலு வார்த்தை பேசினால் சந்தோஷப்படுவாள். குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டு வேலைக்குப் போகாதே. நீயும் உன் வாயும் வயிறும் குறைவில்லாமல் நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம், அதற்கு மேல் உனக்கு என்ன வாழ்த்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். மற்ற நாளெல்லாம் வேளாவேளைக்கு அவருக்குக் குழாயில் ஊற்றிவிடுகிறேன். ஞாயிறு மத்தியானம் மட்டும் உன் போன் வரும் வரைக்கும் அவர் ஊற்ற விடுவதில்லை. நீ ஏதோ சாப்பிட்டேன் என்று சொல்லி வைத்த பிறகு சற்று நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி ஊற்று என்கிறார். வருகிற ஞாயிறும் அவர் பசியோடுதான் உட்கார்ந்திருப்பார். நீ சாப்பிட்டுவிட்டுப் பேசு.

இப்படிக்கு,
உன் வயிற்றையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா